வால்வின் தயக்கம்

எலும்பு மருத்துவர் என் கணவரின் முதுகுப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க? மூட்டை தூக்கறீங்களா?" என்று கேட்டார். "கிடார் வாசிக்கிறேன்" என்றார் இவர். மருத்துவர் படத்தை விட்டுவிட்டு ஆளை ஏற இறங்கப் பார்த்தார். கிடார் வாசித்து முதுகெலும்பு தேய்ந்தவரை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. நான்தான் குறுக்கே புகுந்து, கிடாரோடு ஒரு பெட்டியும் உண்டு, அதைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைந்ததில் வந்த வினை இது என்று விளக்கினேன். "அப்ப அந்தப் பெட்டிய விட்டுடுங்க" என்றார் மருத்துவர், சிகரெட்டை நிறுத்தச் சொல்கிற குரலில். இவர் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டிய எதையும் செய்ததும் கிடையாது.

அது பழைய காலத்து வால்வு ஆம்ப்ளிஃபையர். கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி, முன்னால் சாம்பல் நிற வலை, பின்பக்கம் பாதி திறந்திருக்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்று செக்கச்செவேலென்று எரியும். சுவிட்சைப் போட்ட உடனே பேசாது, சூடேற வேண்டும். இவரும் காலையில் காபி உள்ளே போகும்வரை வாய் திறக்கமாட்டார் என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. நான் குழுவில் பாடச் சேர்ந்த புதிதில், குளிர் நாட்களில் மேடைக்குப் பின்னால் அந்தப் பெட்டியின் முதுகில் கையை வைத்துச் சூடு காய்வேன். வெந்த தூசி வாசனை ஒன்று வரும். அப்படிக் கை காயப் போய்த்தான் இவரோடு பேச்சு வளர்ந்தது. பிறகு எங்கள் மகள் அதன் பின்னாலேயே துணி விரித்துப் படுத்துத் தூங்கினாள். மேடையில் டிரம்ஸ் காதைக் கிழிக்கும், அவள் அசையமாட்டாள். இடைவேளையில் பெட்டியை அணைத்தால் மட்டும் எழுந்து அழுவாள்.

எங்களைப் பற்றி எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். "ரெண்டு பேருக்கும் என்ன பொருத்தம்!" நான் பெரிய பாடகி இல்லை, இவரும் பெரிய வித்வான் இல்லை. ஆனால் பல்லவி தொடங்கும் இடத்தில் இவர் கம்பிகளை ஓங்கி அடித்து ஒலிக்க விடும்போது, அந்த ஒலிக்குள்ளிருந்தே முளைத்து வருவதுபோல என் குரல் வரும். ஒத்திகை பார்த்து வந்ததல்ல. முதல் நாளே அப்படித்தான் வந்தது. நாங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் மேடையில் அது மட்டும் தவறியதில்லை. மற்றவர்கள் கல்யாணப் படத்தைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். எனக்கு அந்த ஒரு இடம்தான் பெருமை.

மருத்துவர் சொன்னதை இவர் காற்றில் விட்டிருப்பார். மகள் விடவில்லை. தன் வீட்டுக்கு அருகிலேயே மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு பார்த்தாள். சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே "நூறு வயசு" என்று வாழ்த்தலாம். அந்தப் பெட்டிக்கோ மெதுவாகப் பேசத் தெரியாது. வால்வுக்கு வேலை கொடுத்துச் சத்தத்தை ஏற்றினால்தான் அதன் குரலில் இனிமை கூடும், அடக்கினால் சளி பிடித்ததுபோல் ஆகிவிடும். பெட்டியா வீடா என்ற நிலைக்கு வந்தபோதுதான் புதுசு உள்ளே நுழைந்தார்.

புதுசு எங்கள் பழைய குழுவின் கீபோர்டுக்காரர். சந்தையில் எந்தக் கருவி வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவந்து "இது புதுசு" என்று காட்டுவார். பெயரே அதுவாகிவிட்டது, அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். இப்போது பாட்டுப் பதிவு செய்யும் சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறார். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் அழைப்பார். எங்களுக்காக உயிரைக் கொடுப்பார், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்கமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே தொல்லை.

முதலில் அவர் கொண்டுவந்தது ஹைபிரிட் என்று ஒன்று. ஒரு கையால் தூக்கிவிடலாம். "அண்ணே, இது கலப்பு. முன்பாதி வால்வு, பின்பாதி டிரான்சிஸ்டர். ருசிக்கு வால்வு, பலத்துக்கு டிரான்சிஸ்டர். வெயிட்டே இல்ல பாருங்க." முன்னால் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே ஒற்றை வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. இவர் டார்ச்சை எடுத்துப் பின்பக்கம் அடித்துப் பார்த்தார். வால்வுக்குப் பின்னால் குட்டி பல்பு ஒன்று ஒளிந்துகொண்டு எரிந்தது.

"வால்வைவிட பல்பு நல்லா எரியுதேப்பா" என்றார்.

"வால்வும் நெசமாவே வேலை செய்யுதுண்ணே. பல்பு சும்மா அழகுக்கு."

"அழகுக்குத்தான் வீட்ல நான் இருக்கேனே."

வாசித்துப் பார்த்தார். மெல்ல மீட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. ஓங்கி அடித்தபோது ஒலி விறைத்துக்கொண்டது. வாசலில் உட்காரவைத்தே பேசி அனுப்புகிற உறவினர் மாதிரி இருக்கிறது என்றார். புதுசுக்கு முகம் வாடவில்லை. அவரிடம் அடுத்தது தயாராக இருந்தது. வால்வே இல்லாத, முழுக்கக் கணக்குப் போட்டு வால்வு மாதிரி நடிக்கிற டிஜிட்டல் பெட்டி. வேறு யாருடைய ஆம்ப்ளிஃபையரையும் போல அல்ல, இவருடைய பெட்டியைப் போலவே அதை நடிக்கவைக்கலாம் என்றார். "உங்க பெட்டியவே நகல் எடுத்துடலாம்ணே. அச்சு அசலா. அப்புறம் அந்தக் கெழத்தை ஒரு பாட்டுப் பள்ளிக்குக் கொடுத்துடுவோம், கேட்டுக்கிட்டே இருக்காங்க." இவர் தலையை ஆட்டினார். இம்முறை நிஜமாகவே ஆட்டினார்.

இரண்டு நாள் முன்பே புதுசு பெட்டியைத் தன் பதிவு அறைக்குக் கொண்டுபோயிருந்தார். நகல் எடுத்த அன்று நானும் போயிருந்தேன். புதுசு எங்கள் பெட்டியின் முன் மைக்கை நிறுத்தி, புதுப் பெட்டியிலிருந்து அதற்குள் விதவிதமான சத்தங்களை அனுப்பினார். கீச்சென்று ஒன்று, மழை பெய்வதுபோல் ஒன்று, வயிறு இரைவதுபோல் ஒன்று. ஒவ்வொன்றையும் எங்கள் பெட்டி தன் குரலில் திருப்பிச் சொல்ல, புதுப் பெட்டி கேட்டுக் கற்றுக்கொண்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் உள்ளே போய், பெட்டியின் மேல் வழக்கமாக டீ டம்ளர் வைத்து வைத்துக் கறை படிந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். பள்ளிக்காரர்கள் அன்றே வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போய்விட்டார்கள்.

புது வீட்டில் குடியேறிய சில வாரங்களில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் இரண்டு மூன்று பாட்டுப் பாட வேண்டும் என்றார். மேடை ஏறிப் பல வருடமாகிவிட்டதால் எனக்குச் சின்னப் பெண்போல உள்ளே குறுகுறுத்தது. அன்று மாலையே ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். புதுப் பெட்டி மேஜைமேல் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்தது. இவர் ஓங்கி அடித்தார். ஒலி கணீரென்று வந்தது. பழைய பெட்டியின் குரலேதான், கண்ணை மூடினால் அந்தக் கறுப்புத் துணி தெரிந்தது. நான் வாய் திறந்தேன். பாட்டு முன்னால் போய்விட்டிருந்தது. நான் பஸ்ஸைத் தவறவிட்டவள்போல் பின்னாலிருந்து ஓடிப் பிடித்தேன்.

இன்னொருமுறை பாடினோம். மறுபடியும் வழுக்கியது. அவசரப்பட்டு முன்கூட்டியே நுழைந்தேன், அது அதைவிட அசிங்கமாக இருந்தது. இவர் சிரித்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் இவர் கிடாரைத் துடைத்து உறையில் போட்டு அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்.

வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரல் போகும், மூச்சு போகும் என்று தெரியும். அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அந்த இடம் போகும் என்று நினைக்கவில்லை. காது மந்தமாகி, கண் மங்கி, கடைசியில் படுக்கையில் கிடந்தாலும் இவர் அந்தக் கம்பியை அடித்தால் நான் சரியாக வந்துவிடுவேன் என்றுதான் நம்பியிருந்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொடையில் தாளம் போட்டுப் பயிற்சி செய்தேன். தாளம் பிசகவேயில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தனியாக இருந்தால் சரி, அவரோடு சேர்ந்தால் தப்பு என்றால் என்ன அர்த்தம்?

ஒரு காலையில் இவர் செயலாளரிடம் போனில் பேசுவது சமையலறைக்குக் கேட்டது. "மன்னிச்சுக்குங்க சார். முதுகு ஒத்துழைக்கல. வேற யாரையாவது பாத்துக்குங்க." இவருடைய முதுகு இந்த ஆறேழு மாதத்தில் அன்றுதான் மிக நன்றாக இருந்தது. குனிந்து தரையிலிருந்து பேப்பரை எடுத்ததைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற இவர் பொய் சொல்கிறார் என்று புரிந்தது. நேருக்கு நேர் "நீ பாட முடியலை" என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இந்தக் கருணையை என்ன செய்வது?

அன்று பகலிலேயே புதுசின் அறைக்குப் போனேன். பழைய மேடைப் பதிவு ஏதாவது கொடுத்தால் வீட்டில் வைத்துப் பாடிப் பழகுவேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஏதோ கல்யாண வரவேற்பில் பாடியது கிடைத்தது. பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம், நடுவில் இவருடைய கம்பியும் என் குரலும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த புதுசு திடீரென்று சிரித்தார்.

"அண்ணி, நீங்க அப்பவும் லேட்டுதான்!"

திரையில் ஒலி கோடு கோடாக ஓடியது. அவர் விரலால் காட்டினார். இது அண்ணன் அடிக்கிற இடம், இது நீங்கள் வருகிற இடம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வேறு பாட்டைப் போட்டார், அதே இடைவெளி. வேறு மண்டபம், வேறு வருடம், அதே இடைவெளி. எல்லாவற்றிலும் ஓங்கி அடித்த உடனே கோடு சட்டென்று ஒல்லியாகிறது, பிறகு மெல்லப் பருக்கிறது. அது பருக்கத் தொடங்குகிற இடத்தில் என் குரல் இருக்கிறது. புதுசின் சிரிப்பு மெதுவாக நின்றது. அவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து தலையில் கை வைத்தார்.

"என்னாச்சு தம்பி?"

"அண்ணி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

நகல் எடுப்பதற்கு முன் அவர் எங்கள் பெட்டியைப் பழுது பார்த்திருக்கிறார். கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கெழத்தைக் குளிப்பாட்டி நல்ல உடுப்புப் போட்டுப் படம் எடுப்பதுபோல, இருக்கிறதிலேயே நல்ல குரலை நகல் எடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறார். அதில் மின்சாரத்தை வாங்கி மற்ற வால்வுகளுக்குக் கொடுக்கிற வால்வு ஒன்று உண்டாம். அது தளர்ந்துபோயிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்ய நகம் அளவுக்கு ஒரு டயோடு வைத்திருக்கிறார். "ஓங்கி அடிச்சா அந்த வால்வால கேட்ட கரண்ட உடனே குடுக்க முடியாது அண்ணி. ஒரு நொடி தொவண்டு போகும். சத்தம் உக்காந்து எந்திரிக்கும். நான் வச்சதுக்கு அந்தப் பிரச்சினை இல்ல. கேட்ட ஒடனே குடுத்துடும்." அவர் குரல் கம்மியது. "அண்ணன் நாப்பது வருஷமா அப்படி அடிச்சாரு. நீங்க அது எந்திரிக்கறப்ப வந்தீங்க. நான் அத ரிப்பேருன்னு நெனச்சேன்."

அந்த வால்வு எங்கே என்று கேட்டேன். குப்பையோடு எப்போதோ போய்விட்டது. பள்ளியில் இருக்கிற பெட்டியிலும் இப்போது டயோடுதான்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். என் தொண்டையில் கோளாறு இல்லை, மூச்சில் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஊரெல்லாம் புகழ்ந்த பொருத்தம், சண்டை நாட்களிலும் எங்களைக் கைவிடாத பொருத்தம், ஒரு கண்ணாடிக் குழாயின் கையாலாகாத்தனமா? அது மூச்சு வாங்கிய நேரத்தில் நான் மூச்சு எடுத்திருக்கிறேன், அவ்வளவுதானா? இவரோடு நான் பாடியதாக நினைத்ததெல்லாம் அந்தப் பெட்டியோடு பாடியதா? வழியில் தெரிந்தவர் யாரோ வணக்கம் சொன்னார். திருப்பிச் சொன்னேனா என்று நினைவில்லை.

இவர் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வந்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புதுசு செய்தது, வால்வு, கோடு ஒல்லியாவது, பருப்பது. இவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முகம் தெளிந்தது.

"அப்ப நான் அவசரப்படலையா?" என்றார்.

"நீங்க எதுக்கு அவசரப்பட்டீங்க?"

"நீ ஒவ்வொரு தடவையும் தடுமாறினியா, என் கைதான் முந்துதுன்னு நெனச்சேன். வயசானா சில பேருக்குத் தாளம் ஓடும்னு சொல்லுவாங்க. உன் பாட்ட நானே கெடுக்க வேணாம்னுதான் கிடார மேல ஏத்தினேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு ஊமையாக இருந்திருக்கிறோம். பிறகு வழியெல்லாம் சுமந்து வந்ததைக் கேட்டேவிட்டேன். "அப்ப நம்ம பொருத்தம்னு சொன்னதெல்லாம் அந்த வால்வுதானா?"

இவர் துண்டை மடித்து முடித்தார். இவருக்குப் பதில் சூடேறி வர நேரமாகும் என்று தெரியும், காத்திருந்தேன்.

"அந்த வால்வு எல்லாருக்கும்தான் தொவண்டுச்சு" என்றார். "நீ வர்றதுக்கு முன்னாடி எத்தனை பேரு அதோட பாடினாங்க. அத்தனை பேரும் அது மேல ஏறிப் போனாங்க. அது எந்திரிக்கட்டும்னு நின்னது நீ ஒருத்திதான்."

சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் புதுசு வந்தார், குற்றவாளிபோல, கையில் எந்தப் புதுசும் இல்லாமல். டிஜிட்டல் பெட்டிக்குள் வெகு ஆழத்தில் அந்தத் துவளலையும் கூட்டிக் குறைக்க ஒரு வசதி இருக்கிறதாம். யாரும் அதைத் தொடுவதில்லையாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் எழுத்துகளைத் தேடிப் பிடித்துக் குமிழைக் கடைசிவரை திருப்பினார். இவர் கிடாரை அலமாரியிலிருந்து இறக்கி அடித்தார். பேட்டரி தீர்ந்த ரேடியோபோல ஒலி அப்படியே மயங்கி விழுந்தது. மூவரும் சிரித்துவிட்டோம். கொஞ்சம் குறைத்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். "போதும்" என்றார் இவர். "அதிகம்ணே" என்றார் புதுசு. "ரெண்டு பேரும் சும்மா இருங்க, நான்தானே பாடணும்" என்றேன். மாலைவரை இதே தகராறு. ஒவ்வொரு முறையும் வால்வு மாதிரிதான் இருந்தது, அந்த வால்வாக இல்லை. புதுசின் மனைவி இரண்டாவது முறை போன் செய்ததும் அவர் குமிழை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

விளக்கைப் போடலாமென்று எழுந்தேன். "இரு" என்றார் இவர். பெட்டியின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது. இவர் கம்பிகளையோ விரல்களையோ பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே ஓங்கி அடித்தார். ஒலி முட்டிக்கொண்டு வந்தது, பிறகு உட்கார்ந்தது. நான் மூச்சை நிறைய எடுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அது எழுந்து வரட்டும் என்று நின்றேன்.